வரப்புத் தும்பையும் கத்தரிப் பூவும்

கத்தரிப் பூவில் தேன் கிடையாது. தக்காளிப் பூவிலும் கிடையாது. தேடி வரும் பூச்சிக்கு இவை வைத்திருப்பது மகரந்தம் மட்டும்தான், அதையும் சுலபத்தில் கொடுப்பதில்லை. பெரும்பாலான பூக்களில் மகரந்தப்பை நீளவாக்கில் வெடித்து, பொடி வெளியே தெரியும். கத்தரியில் நெருக்கமாக நிற்கும் மஞ்சள் பைகளின் நுனியில் சின்னத் துளைகள் மட்டுமே உண்டு. உப்புக் குப்பியைக் கவிழ்த்து உதறினால்தான் உப்பு விழும் என்பதுபோல, யாராவது உதறினால்தான் இந்தத் துளை வழியாக மகரந்தம் கொட்டும்.

அப்படி உதறத் தெரிந்த பூச்சிகள் நம் ஊரில் சில இருக்கின்றன. பின்னுடலில் நீலக் கோடுகள் ஓடும் நீலவரித் தேனீ அவற்றில் ஒன்று. மூங்கிலிலும் காய்ந்த மரத்திலும் துளை போட்டுக் குடியிருக்கும் பெரிய கருவண்டு இன்னொன்று, பெயரில்தான் வண்டு, அதுவும் தேனீதான். இவை பூவைக் காலால் கவ்விப் பிடித்துக்கொண்டு, இறக்கையை அசைக்காமல் பறக்கும் தசையை மட்டும் முறுக்கி அதிரவைக்கும். அந்த அதிர்வில் மகரந்தம் பூச்சியின் வயிற்றில் தெறிக்கும். காலையில் கத்தரித் தோட்டத்தில் நின்றால், பறக்கும்போது கேட்கும் ரீங்காரம் பூவில் உட்கார்ந்ததும் சட்டென்று சுருதி ஏறுவதைக் காதாலேயே பிடித்துவிடலாம். ஆஸ்திரேலியாவில் உள்ள நீலவரித் தேனீ ஒன்றை ஆய்வாளர்கள் மெதுவோட்டப் படமாக எடுத்துப் பார்த்தபோது, அது தக்காளிப் பூவின் மகரந்தப்பையைத் தலையால் விநாடிக்குச் சுமார் 350 முறை முட்டிக்கொண்டிருந்தது.

பெட்டியில் வளர்க்கும் அடுக்குத் தேனீக்கும் இத்தாலியத் தேனீக்கும் இந்த வித்தை தெரியாது. மலைத்தேனீக்கும் கொம்புத் தேனீக்கும்கூடத் தெரியாது. அவை கத்தரிக்கு வருவதுண்டு. வந்தால் வேறு யாரோ உதறிவிட்டுப் போனதில் இதழ்மேல் சிந்திக் கிடப்பதைப் பொறுக்கிக்கொண்டு போகும். மகசூல் கூடும் என்று கத்தரித் தோட்டத்தின் ஓரத்தில் தேனீப் பெட்டி வைக்கச் சொல்கிற ஆலோசனையை நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். சூரியகாந்திக்கும் பூசணி வகைகளுக்கும் எள்ளுக்கும் பெட்டி நல்லது. கத்தரிக்குத் தேவையானவை பெட்டியில் அடைபடாத தேனீக்கள்.

கத்தரி தன் மகரந்தத்தாலேயே காய்க்கக்கூடிய செடி, காற்றில் ஆடினாலும் கொஞ்சம் மகரந்தம் விழும், பிறகு தேனீ எதற்கு என்று கேட்கலாம். ஓரளவுக்குச் சரியான கேள்விதான். பூச்சியே வராத கத்தரியும் காய்க்கும். ஆனால் சூல்முடியில் விழும் மகரந்தம் குறைந்தால் விதை குறையும், விதை குறைந்த காய் சிறுத்தும் கோணியும் போகும், பிஞ்சு உதிர்வதும் கூடும். ஐரோப்பியக் கண்ணாடிக் குடில்களில் ஒரு காலத்தில் தக்காளிப் பூங்கொத்துகளை அதிர்வுக் கருவியால் ஆட்கள் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார்கள். 1980களின் கடைசியில், இதேபோல உதறத் தெரிந்த பம்பிள் தேனீக்களைக் கூடுகளாக விற்க ஆரம்பித்ததும் அந்த வேலை ஒழிந்தது. இந்தியாவில் பம்பிள் தேனீக்கள் இமயமலைப் பக்கம்தான் வாழ்கின்றன, தென்னிந்தியச் சமவெளியில் இல்லை. இங்கே அந்த வேலையைச் செய்வது நீலவரித் தேனீயும் கருவண்டும் அவற்றின் சிறு உறவினர்களும்தான்.

தசையை முறுக்கி அதிர்வது சக்தியை உறிஞ்சும் வேலை. அதற்கான எரிபொருள் சர்க்கரை, அதாவது பூந்தேன். ஏக்கர் கணக்கில் கத்தரி பூத்துக் கிடந்தாலும் அந்த வயலுக்குள் ஒரு சொட்டுச் சர்க்கரை கிடைக்காது. மகரந்தத்தை இங்கே எடுக்கிற தேனீ, தேனுக்கு வேறெங்காவது போய்த்தான் ஆகவேண்டும். அந்த 'வேறெங்காவது' பக்கத்தில் இல்லையென்றால் அது இந்த வயலுக்கு வருவதை விட்டுவிடும். ஆவாரையை நம்பவும் முடியாது. தமிழ்நாட்டின் கரட்டுநிலம் முழுக்க மஞ்சளாகப் பூக்கும் ஆவாரையும் கத்தரி மாதிரியே தேன் வைக்காத, உதறினால் மட்டும் மகரந்தம் தருகிற பூ. தேன் கொடுக்கும் வரப்புச் செடிகள் என்று கணக்கெடுத்தால் எருக்கும் துளசியும் இன்னும் பலவும் வரும். ஆனால் மழை முடிந்த பிறகு, யாரும் விதைக்காமல், தண்ணீர் ஊற்றாமல், நீலவரித் தேனீயின் நாக்குக்கு ஏற்ற குழலில் தேன் வைத்துக்கொண்டு கூட்டமாக முளைப்பது தும்பை.

தும்பை ஒருபருவச் செடி. மழை ஈரத்தில் முளைத்து, முழங்கால் உயரம்கூடப் போகாமல் பூத்து, விதை உதிர்த்து, கோடையில் காய்ந்துவிடும். துளசி, புதினா குடும்பம். தண்டை விரலால் உருட்டிப் பார்த்தால் நான்கு பட்டை தெரியும், இந்தக் குடும்பத்தின் அடையாளம் அது. அறிவியலில் லூக்காஸ் ஆஸ்பெரா. இந்தியாவும் இலங்கையும் தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வரை இதற்குச் சொந்த மண். இதே பேரினத்தில் பெருந்தும்பை, முடித்தும்பை என்று வேறு தும்பைகளும் உண்டு. முடித்தும்பையை இலங்கையில் கீரையாகச் சமைக்கிறார்கள். கவிழ்தும்பை பெயரில்தான் தும்பை, அது வேறு குடும்பத்துச் செடி.

கணுவுக்குக் கணு உருண்டையாகத் திரண்டிருக்கும் பச்சைப் புல்லிக் கிண்ணங்களுக்குள்ளிருந்து வெள்ளைப் பூக்கள் எட்டிப் பார்க்கும். அதில் ஒன்றைப் பிடுங்கி அடியை உறிஞ்சாத கிராமத்துப் பிள்ளை இருக்க முடியாது. நாக்கில் பட்ட அந்த இனிப்பு தேனீக்காக வைத்தது. பூவை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் அதன் ஏற்பாடு புரியும். இதழ்கள் சேர்ந்து கீழே குழல், மேலே இரண்டு உதடு. கீழ் உதடு அகன்று மூன்று மடலாக விரிந்திருக்கும், அதுதான் வந்திறங்கும் இடம். மேல் உதடு சிறியது, வளைந்தது, வெளிப்பக்கம் வெள்ளை ரோமம் அடர்ந்தது. அந்த வளைவுக்குள் நான்கு மகரந்தத்தாள்கள் ஒளிந்திருக்கும், இரண்டு நெட்டை, இரண்டு குட்டை. சூல்முடியும் அங்கேயேதான். குழலின் உட்புறத்தில் வளையமாக மயிர் வேலி, அதற்கும் கீழே தேன்.

தேனீ கீழ் உதட்டில் இறங்கி, தேனை எட்டத் தலையைக் குழல் வாய்க்குள் அழுத்தும்போது மேல் உதட்டுக்குள் இருக்கும் மகரந்தம் அதன் தலையிலும் முதுகின் முன்பக்கத்திலும் அப்பிக்கொள்ளும். அடுத்த பூவில் அதே இடம் சூல்முடியில் உரசும். கத்தரி வயிற்றில் பூசுகிறது, தும்பை தலையிலும் முதுகிலும் பூசுகிறது. ஒரே தேனீ இரண்டு செடிக்கும் மாறி மாறிப் போனாலும் இரண்டு மகரந்தமும் உடம்பின் வேறு வேறு பக்கத்தில் இருப்பதால் கலப்படம் குறைவு. இது யாரும் திட்டமிட்டுச் செய்த உடன்பாடு அல்ல, ஆனால் விவசாயிக்குச் சாதகமான தற்செயல்.

ஒரு தும்பைப் பூவில் அதிகபட்சம் நான்கு விதைதான். சூல்பையில் நான்கு அறை, அறைக்கு ஒன்று. ஆகவே செடி ஒரே பூவில் நிறையச் செலவழிப்பதில்லை. கொஞ்சம் தேன், சின்னப் பூ, நாளுக்குச் சில பூ என்று வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகும். ஒரு கணுவில் உள்ள மொட்டுகள் எல்லாம் ஒன்றாக விரிவதில்லை. ஒரு செடியில் கிடைப்பது போதாமல் தேனீ அடுத்த செடிக்கும், அதற்கடுத்த செடிக்கும் போயாக வேண்டியிருக்கிறது. தும்பைக்கு வேண்டியதும் அதுதான்.

வருகிறவர்கள் எல்லோரும் வேலை செய்கிறவர்கள் அல்லர். தும்பைக் காட்டில் கேமராவோடு நிற்பவர்கள் படமெடுப்பது பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சிகளைத்தான். சின்ன மஞ்சள் நிறத்தவை, நீலன்கள், படபடவென்று இடம் மாறும் தாவிகள் எல்லாம் வரும். அவற்றின் உறிஞ்சுகுழல் மெல்லியது. மேல் உதட்டை உரசாமலேயே குழலுக்குள் விட்டுத் தேனைக் குடித்துவிட்டுப் போக முடியும். அழகாக இருக்கிறவற்றைவிட அவசரமாகப் பறந்து படத்தில் சிக்காமல் போகிறவைதான் தும்பைக்கு அதிகம் உழைக்கின்றன. எறும்பும் தேன் திருடும், மயிர் வேலி எல்லா எறும்பையும் நிறுத்திவிடுவதில்லை. பூஜைக்குத் தும்பை பறிக்கிறவர்கள் கூடையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு எடுத்துப்போவது அதனால்தான். கொசுத்தேனீ என்கிற கொட்டாத் தேனீ வரும். உடம்பு மிகச் சிறியதால் அது மேல் உதட்டைத் தொட்டால் உண்டு, தொடாவிட்டால் இல்லை. கொம்புத் தேனீயும் அடுக்குத் தேனீயும் வரும். இவற்றோடு, காய்ந்த குச்சிகளின் சோற்றுப் பகுதியைக் குடைந்து கூடு வைக்கும் சின்னஞ்சிறு தச்சுத் தேனீக்களும் வரும்.

இத்தனை பேரிலும் தும்பைக்கு அளவெடுத்துத் தைத்த உடம்பு நீலவரித் தேனீக்குத்தான். நாக்கு நீளம், குழலுக்குள் ஆழ இறங்கும். உடம்பின் கனம் கீழ் உதட்டை வளைக்கும் அளவுக்கு உண்டு, பூவைப் பிய்க்கும் அளவுக்கு இல்லை. ஒரு பூவில் நிற்பது ஒரு கணம்தான். அப்படியே அந்தரத்தில் நின்று அடுத்ததைக் குறிபார்த்து, கண் பிடிப்பதற்குள் பாய்ந்துவிடும். துளசி, திருநீற்றுப்பச்சிலை என்று இந்தக் குடும்பத்துப் பூக்கள் எல்லாவற்றிலும் இதற்கு ஈர்ப்பு அதிகம். சென்னை மாடித் தோட்டத்துத் துளசித் தொட்டியில்கூடப் பார்க்கலாம்.

இந்தத் தேனீக்கு ராணி கிடையாது, வேலைக்காரக் கூட்டம் கிடையாது, அடை கிடையாது. ஒவ்வொரு பெண் தேனீயும் தனியாளாக மண்ணில் துளை தோண்டி, உள்ளே அறை அறையாகக் கட்டி, ஈரம் புகாதபடி உட்சுவரைப் பூசும். ஒவ்வோர் அறையிலும் மகரந்தத்தையும் தேனையும் குழைத்து வைத்து, ஒரு முட்டையிட்டு, வாயை அடைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போகும். புழுவுக்கு அந்த ஒரு வாய்ச் சோறுதான் ஆயுளுக்கும். தாய் திரும்பி வந்து ஊட்டுவதில்லை. கத்தரித் தோட்டத்தின் பக்கத்தில் இருக்கும் கூட்டில் அந்தக் குழைவுக்கு மகரந்தம் கத்தரியிலிருந்து வரும், தேன் தும்பையிலிருந்து வரும். இரண்டில் ஒன்று இல்லையென்றால் அறை நிறையாது. விவசாயி வரப்பைச் சுத்தமாகச் செதுக்கி வயலுக்குள் கத்தரியை மட்டும் வைத்திருந்தால், அவர் தேனீக்கு வைப்பது பாதிச் சோறு.

கூடுகளைப் பக்கம் பக்கமாகத் தோண்டுவதால் ஊர்போலத் தெரியும், ஆனால் ஒருவர் வீட்டில் இன்னொருவருக்கு வேலையில்லை. பழைய மண்சுவர்களில் சுண்டுவிரல் கனத்துக்கும் குறைவான துளைகள் நிறைய இருந்தால் அவற்றில் சில இவற்றின் வேலையாக இருக்கும். காரை வீடுகள் வந்ததில் இவை இழந்த குடியிருப்பு எவ்வளவு என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. ஆண் தேனீக்களுக்குக் கூடு கிடையாது. மாலையில் மெல்லிய காய்ந்த தண்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைத் தாடையால் கடித்துக்கொண்டு வரிசையாகத் தொங்கியபடி தூங்கும். கறுப்பு உடம்பில் நீலப் புள்ளிகள் கொண்ட இன்னொரு தேனீயும் தும்பைக்கு வருவதுண்டு. அது நீலவரித் தேனீயின் கூட்டில் திருட்டுத்தனமாக முட்டையிட்டுவிட்டு ஓடும் ரகம். அதைப் பார்த்து வருத்தப்படத் தேவையில்லை. அது உங்கள் வரப்பில் திரிகிறதென்றால் நீலவரித் தேனீயின் கூடுகள் பக்கத்தில் எங்கோ இருக்கின்றன என்று பொருள்.

தும்பையின் காலண்டர் மழையின் காலண்டர். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழையோடு முளைத்து ஆவணியில் ஓணப் பூக்களத்துக்கு வந்துவிடும். தமிழகத்தின் பெரும்பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகுதான் முழு வேகம், தை மாசி வரை தாராளமாகப் பூக்கும். வாய்க்கால் கசிவு உள்ள இடத்தில் கோடையிலும் சில செடிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். மார்கழி, தையில் நட்ட கத்தரி பூக்கத் தொடங்கும்போது வரப்பில் தும்பை இன்னும் பூவோடு இருந்தால், பக்கத்தில் ஏற்கெனவே கூடு கட்டிக்கொண்டிருக்கும் தேனீக்கள் நேராக வயலுக்குள் இறங்கும். கத்தரி பூத்த பிறகு தேனீயைத் தேடினால் பலனில்லை. அது வருவதற்கான சாப்பாடு அதற்கு முந்தைய வாரங்களிலேயே நிலத்தில் இருந்திருக்க வேண்டும்.

சிவனுக்கு உகந்த பூ, விநாயகர் சதுர்த்திக்கு எருக்கோடு கட்டி விற்கும் பூ, அந்தக் காலத்தில் பெரும்போருக்குப் புறப்பட்ட வீரர்கள் சூடிய பூ என்று இதற்குப் பெருமைகள் ஏராளம், எல்லோருக்கும் தெரிந்தவை. மூக்கடைப்புக்கு ஆவி பிடிப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாம்புக் கடிக்குத் தும்பைச் சாறு என்று சொல்வதை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நேரத்தைக் கடத்துவது மட்டும் உயிரோடு விளையாடுவது.

இத்தனை பெருமை இருந்தும் வேளாண் புத்தகங்களில் தும்பை களைப் பட்டியலில்தான் இருக்கிறது. பாத்திக்குள் முளைத்தால் அது களைதான், பிடுங்கவேண்டியதுதான். தகராறு வரப்பில். வரப்பைச் செதுக்குவதற்கு நியாயமான காரணம் உண்டு. எலி வளை தெரியும், நண்டு வளை தெரியும், தண்ணீர் கசிவதைக் கண்டுபிடிக்கலாம். மண்வெட்டியால் செதுக்கிய காலத்தில் தும்பைக்குப் பெரிய ஆபத்தும் இல்லை, ஏனென்றால் இது கலைந்த மண்ணில், வெயில் படும் இடத்தில் வளரும் செடி. உழாத, மேயாத, புதர் மண்டிய இடத்தில் நிழலில் நசுங்கிப்போகும். வேலி போட்டுப் பாதுகாத்தால் பிழைக்கும் வகை அல்ல. மண்வெட்டி செதுக்கிய இடத்தில் அடுத்த மழைக்கு மண்ணில் கிடந்த விதை முளைத்துக்கொள்ளும்.

ஆள் கிடைக்காமல் போனதும் மண்வெட்டியின் இடத்துக்குக் களைக்கொல்லி வந்தது. ஒரு டேங்க் அடித்தால் வரப்பு முழுக்கச் சருகாகிவிடும், அதுவும் விதை முற்றுவதற்கு முன்பே. ஒருபருவச் செடிக்கு இதுதான் மரண அடி. பல்லாண்டுச் செடி கிழங்கிலிருந்தோ வேரிலிருந்தோ திரும்ப வரும். தும்பைக்கு மண்ணில் உள்ள விதை ஒன்றுதான் சேமிப்பு. தொடர்ந்து சில ஆண்டுகள் சேமிப்பில் எதுவும் போடவில்லையென்றால் இருப்பு கரைந்துவிடும். கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியைப் பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் வழியாக மட்டுமே பயன்படுத்தலாம் என்று 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு அறிவித்தது. கடைக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு அந்த அறிவிப்பின் பலம் தெரியும். காலியான இடத்தைப் பிடிக்கப் பார்த்தீனியம் தயாராக நிற்கிறது. 1950களின் நடுவில் புனேயில் கண்ணில் பட்ட அந்த அமெரிக்கச் செடி இன்று தும்பை வளர்ந்த அதே சாலையோரத்தையும் தரிசையும் நிரப்பியிருக்கிறது. அதன் பொடிப் பூக்களில் நீளநாக்குத் தேனீக்கு வேலையில்லை.

கத்தரியில் இன்னொரு சிக்கல் மருந்தடிப்பு. தண்டையும் காயையும் துளைக்கும் புழுவுக்கு அஞ்சிக் கத்தரிக்கு அடிப்பதுபோல வேறு காய்களுக்கு அடிப்பது குறைவு. காலையில் அடித்தால், பூவைக் கட்டிப்பிடித்து உதறுகிற தேனீக்கு அது நேராக உடம்பில் போய்ச் சேரும். சாயங்காலம் தேனீ அடங்கிய பிறகு அடிப்பதில் கூடுதல் செலவு எதுவும் இல்லை. தாக்கப்பட்ட நுனிகளைக் கிள்ளி அழிப்பதும் இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதும் தெளிப்பின் எண்ணிக்கையையே குறைக்கும்.

தும்பையை நேசிக்கிற இயற்கை விவசாயிகளோடும் எனக்கு ஒரு சச்சரவு உண்டு. நிலம் முழுக்க ஓரிடம் விடாமல் தழையைப் பரப்பி மூடாக்குப் போடுவது ஈரத்துக்கும் மண்புழுவுக்கும் நல்லது, மண்ணில் துளையிடும் தேனீக்கு அல்ல. பிளாஸ்டிக் ஷீட் விரித்த தக்காளி வயல் இன்னும் மோசம், தேனீ தோண்ட விரலிடைகூட இருக்காது. மோட்டார் ரூம் பக்கம், கிணற்று மேடு, வரப்பின் வெயில் படும் சரிவு என்று மழைநீர் தேங்காத ஓரிடத்தைத் தழையும் ஷீட்டும் இல்லாமல் வெறும் மண்ணாக விட்டுவைக்க வேண்டும். இடிந்த மண்சுவர் மிச்சமிருந்தால் இடிக்காமல் விடுவது அதைவிட நல்லது.

தேனீ வளர்ப்புக்கு என்று 2020இல் ஒன்றிய அரசு 500 கோடி ரூபாய் அறிவித்தது. மண்ணில் குடியிருக்கும் தேனீக்கு அந்த அளவு பணம் தேவைப்படாது. அதற்கு வேண்டியது வரப்பை மொத்தமாகச் செதுக்காமல் பாதி பாதியாகச் செதுக்குவது. ஒரு பக்கத்தை இப்போது வெட்டினால் மறுபக்கத்தைத் தும்பை காய்ந்து, புல்லிக் கிண்ணம் பழுப்பாகி, தட்டினால் விதை கொட்டும் வரை விட்டுவைக்கலாம். எலியையும் நண்டையும் கண்காணிக்க அந்தப் பாதியே போதும்.

தும்பை அற்றுப்போன நிலத்தில் திரும்பக் கொண்டுவரவும் கடைக்குப் போக வேண்டியதில்லை. மாசி, பங்குனியில் பக்கத்து ஊர்த் தரிசில் காய்ந்து நிற்கும் செடிகளைத் தலைகீழாகக் காகிதப் பைக்குள் பிடித்து உதறினால் பழுப்பு விதைகள் விழும். ஈரம் படாமல் வைத்திருந்து, புரட்டாசிக் கடைசியில் மழைக்கு முன் வரப்பை லேசாகக் கீறித் தூவவேண்டும். பொடி விதை என்பதால் மண்போட்டு ஆழமாக மூடக்கூடாது, மழையே அமுக்கிக்கொள்ளும். கார்த்திகையில் முதல் பூக்கள் வரும். அந்த வரப்பில் களைக்கொல்லி டேங்க் ஏறாமல் பார்த்துக்கொண்டால் அடுத்த புரட்டாசியில் தூவுகிற வேலையும் மிச்சம்.